முதல் அறை அக்காவின் அட்டை

எங்கள் மாலை நேர மொழிப் பள்ளிக்கு வருகிற யாரும் நேராக வகுப்புக்குப் போய்விட முடியாது. மாடிப்படி ஏறியதும் இடது கைப் பக்கம் ஒரு சின்ன அறை. அங்கே அக்காவோடு இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் வளர்ந்த ஆட்கள். வேறு வேறு மொழி பேசுகிற இடங்களிலிருந்து பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தவர்கள். எங்கள் மொழி அவர்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று பார்த்து, மூன்று வகுப்புகளில் எதில் உட்கார வைக்கலாம் என்று முடிவு செய்வது அக்காவின் வேலை. அதனால் அவருக்குப் பெயர் முதல் அறை அக்கா.

நான் இரண்டாம் வகுப்பு வாத்தியார். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: அறுபது கேள்வி. என் முகத்துக்கு நேராக அதைச் சொல்கிற தைரியம் அக்காவுக்கு மட்டும்தான்.

காரணம் இதுதான். வருகிறவர்களை எடைபோட அறுபது கேள்விகள் கொண்ட ஒரு தாளை மூன்று மாதம் மெனக்கெட்டு நான் தயாரித்திருந்தேன். எழுத்து, சொல், வாக்கியம், பத்தி என்று படிப்படியாக ஏறும். மதிப்பெண்ணைக் கூட்டினால் வகுப்பு எது என்று தெரிந்துவிடும். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், நன்றாக இருக்கிறது என்றார். மறுநாள் பார்த்தால் அந்தக் கட்டு அவருடைய மேசையின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவருடைய முறை வேறு. மேசைமேல் சில பழைய சாமான்கள் கிடக்கும். நின்றுபோன அலாரக் கடிகாரம், மாத்திரைகள் தீர்ந்த அட்டை, கிழிந்த பஸ் டிக்கெட், ஒரு பூட்டும் அதற்குச் சேராத இரண்டு சாவிகளும், மூடி இறுகிப்போன ஒரு பாட்டில். வந்தவரை உட்கார வைத்துவிட்டு அக்கா பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டுவார். ஒருவர் கையை நீட்டி "குடுங்க" என்பார். இன்னொருவர் "இந்தப் பக்கம் திருப்புங்க, துணி வச்சுப் பிடிங்க" என்பார். வேறொருவர் வாயே திறக்க மாட்டார், ஆனால் அக்கா "துணி எங்க போச்சு?" என்று தனக்குத்தானே முனகினால் அவர் கண் ஜன்னலில் தொங்கும் துணிக்குப் போகும். அக்கா வாயைவிடக் கண்ணையும் கையையும்தான் அதிகம் பார்ப்பார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால்கூட டீ குடிக்கிறீர்களா என்று கேட்க மாட்டாராம், அவர்கள் கண் அடுப்பங்கரைப் பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பாராம். பஸ் ஓட்டுகிற அவருடைய வீட்டுக்காரர் சொல்லிச் சிரித்தது இது.

பார்த்ததை அக்கா ஓர் அட்டையில் எழுதுவார். அட்டையில் ஒரே ஒரு தலைப்பு: தெரிந்தது. தெரியாததற்கு அதில் இடமே கிடையாது. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரியாததை எழுத ஆரம்பிச்சா அட்டை பத்துமா தம்பி? உங்களுக்கும் எனக்குமே பத்தாது" என்றார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வந்தவரின் கண்ணெதிரே எழுதி, அவருக்குப் படித்துக் காட்டி, அவரிடமே கையெழுத்து வாங்குவார். அவர் ஒப்புக்கொள்ளாத ஒரு சொல் அட்டையில் ஏறாது.

இந்தப் பழக்கம் பஸ் நிலையத்திலிருந்து வந்தது. பள்ளிக்கு வருவதற்கு முன்னால் ஒன்பது வருடம் அக்கா அங்கே தொலைந்த பொருட்களின் கவுண்டரில் வேலை பார்த்தவர். பையைத் தொலைத்துவிட்டுப் பதறி வருகிறவர்களிடம், "உள்ள என்ன இருக்கு, சொல்லுங்க" என்று கேட்பதுதான் அங்கே வேலை. நாமாகப் பையைத் திறந்து காட்டிவிடக் கூடாது. அவர்கள் வாயால் சொல்ல வேண்டும், சொன்னதும் பையை முழுசாகக் கையில் கொடுத்துவிட வேண்டும்.

பள்ளிக்கு வந்த புதிதில் அக்காவும் அலுவலகம் கொடுத்த கேள்வித்தாளைத்தான் வைத்திருந்தார். அப்போது ஒரு கொத்தனார் வந்தார். எழுதத் தெரியாததால் தாள் காலி, அக்கா அவரை முதல் வகுப்பில் போட்டுவிட்டார். நான்கு நாள் நோட்டில் வட்டம் போட்டுவிட்டு அவர் நின்றுவிட்டார். சில மாதம் கழித்து ஒரு கட்டடத்தைத் தாண்டிப் போகும்போது, சாரத்தின் மேலிருந்து எங்கள் மொழியில் பத்துப் பேரை விரட்டி வேலை வாங்கும் குரல் கேட்டு அக்கா நிமிர்ந்து பார்த்திருக்கிறார். அதே கொத்தனார். இறங்கி வந்து, சிரித்த முகத்தோடுதான் சொன்னாராம்: "அங்க என்னைக் குழந்தையாக்கிட்டீங்கம்மா." அக்கா அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் வீட்டிலிருந்து அந்தப் பாட்டிலையும் கடிகாரத்தையும் பையில் போட்டு எடுத்து வந்தார்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அக்காவைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

அக்கா இரண்டு நாள் லீவு போட்டிருந்தார். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். மேசைக் காலின் அடியிலிருந்து என் தாள்களை உருவி, தூசி தட்டி, முதல் அறையில் போய் உட்கார்ந்தேன். அப்போதுதான் தையல்காரம்மா வந்தார், மகளோடு.

தையல்காரம்மா கடைத்தெருவில் இருக்கும் சலவைக் கடையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து பழைய துணிகளைப் பிரித்துத் தைப்பவர். இடுப்பு சுருக்குவது, நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது. இந்த ஊருக்கு வந்து பதினொரு வருடம். மகள் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கும் பிரிவில் இருக்கிறாள். எங்கள் மொழியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசினாள்.

"அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாது சார்" என்றாள் மகள். "எங்க போனாலும் நான்தான் கூடப் போகணும். எத்தனை மாசத்துல தனியா சமாளிப்பாங்கன்னு நீங்க சொல்லணும். ரயில் ஓட்டுற பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க. ஆறு மணி நேரத் தூரத்துல இருக்கு. ரெண்டு தடவை முடியாதுன்னு எழுதிட்டேன். இது மூணாவது, கடைசி. திங்கட்கிழமைக்குள்ள பதில் போடணும்."

நான் தாளை நீட்டினேன். ஒவ்வொரு கேள்வியையும் மகள் அவர்கள் மொழியில் சொன்னாள். தையல்காரம்மா பேனாவைப் பிடித்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். அறுபதும் காலி. நான் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டு, "குறைஞ்சது ரெண்டு வருஷம் ஆகும்" என்றேன். மகள் தாளை என் பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு "சரி சார்" என்று சொல்லி, அம்மாவின் பையைத் தான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

திரும்பி வந்த அக்கா மீதிக் கட்டைப் பழையபடி மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அந்தத் தாளை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"தம்பி, பேர் எழுதற இடமும் காலியா இருக்கே?"

"ஒண்ணுமே தெரியாதுக்கா."

"பதினொரு வருஷமா வேலைக்குப் போறவங்க. சம்பளத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, வீட்டு வாடகைக்குன்னு எத்தனை இடத்துல பேர் எழுதிருப்பாங்க? தெரியாதவங்க பேரையாவது எழுதிட்டு முழிப்பாங்க. இது தெரியாத தாள் இல்ல. எழுத மாட்டேங்கற தாள். நாளைக்கு வரச் சொல்லுங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனாலும் தபால் அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

மறுநாள் மாலை வந்தார்கள். அக்கா மகளிடம், "கீழ ஆபீஸ்ல ஒரு படிவம் இருக்கு, நிதானமா நிரப்பிட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். என்னை மட்டும் இருக்கச் சொன்னார். மேசைமேல் இருந்த பாட்டிலையும் கடிகாரத்தையும் தொடவே இல்லை. தன் புதுக் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்து என் பக்கம் திரும்பி நின்றார். தையல்காரம்மாவை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"இந்தக் கை நீளமா இருக்கு தம்பி. ரெண்டு விரல் மடிச்சுத் தைக்கலாமா?"

எனக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும்? "தைக்கலாமே" என்றேன்.

அந்தப் பக்கத்தில் தையல்காரம்மாவின் தலை வேண்டாம் என்பதுபோல ஆடியது. கை தானாக உயர்ந்தது. ஒரு விரல். ஒரு விரல் மடித்தால் போதும், இரண்டு மடித்தால் கெட்டுவிடும்.

பிறகுதான் அவருக்கே உறைத்தது. விரலை மடக்கிக் கையை மடியில் போட்டுக்கொண்டார். அக்கா கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, மெதுவாக எதிரே உட்கார்ந்தார்.

"எழுதாதீங்க" என்றார் தையல்காரம்மா. எங்கள் மொழியில்தான் சொன்னார்.

அக்கா பேனாவை மூடி ஓரமாக வைத்தார். அதைப் பார்த்த பிறகு அந்த அம்மா பேசினார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத்தான் பேசினார், ஆனால் எந்தச் சொல்லும் தவறவில்லை.

"முதல்ல மூணு வருஷம் நிஜமாவே தெரியாது. அப்புறம் கடையில… நான் திரைக்குப் பின்னாடி. முன்னாடி ஆளுங்க பேசுவாங்க. இறுக்கமா இருக்கு, தொளதொளன்னு இருக்கு, வெள்ளிக்கிழமை வேணும், போன தடவை சரியில்ல. நாள் பூரா கேக்கும். காதுல போச்சு. பொண்ணுக்குத் தெரியாது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வர மாட்டா. ஆஸ்பத்திரிக்கு வர்றா. பேங்குக்கு வர்றா. பஸ்ல பக்கத்துல உக்காருவா. வேலையில நடந்தது எல்லாம் சொல்லுவா. வீட்டுல அவளுக்கு நேரம் இல்ல, எனக்கும் இல்ல. எனக்குத் தெரியாததாலதான் பஸ்ல பேசுறோம்."

பிறகு மீண்டும் சொன்னார்.

"முடியாதுன்னு எழுதறதுக்கு முன்னாடி போன்ல பேசினா. அந்த ரயில் ஆளுங்ககிட்ட. 'அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, தனியா விட்டுட்டு எப்படி வர்றது'ன்னு சொன்னா. நான் பக்கத்துலதான் தைச்சுட்டு இருந்தேன். எனக்குப் புரியாதுன்னு நினைச்சா. ரெண்டு தடவையும் கேட்டேன். ரெண்டு தடவையும் சும்மா இருந்தேன்."

அதைச் சொல்லும்போது அந்த அம்மா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. அக்கா ஒரு புது அட்டையை எடுத்து, 'தெரிந்தது' என்ற தலைப்பு அவருக்குத் தெரியும்படி மேசைமேல் வைத்தார்.

"நீங்க சொல்லாம நான் ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன். உங்க பொண்ணுகிட்டயும் சொல்ல மாட்டேன். இந்த அட்டை திங்கட்கிழமை வரைக்கும் என் டிராயர்ல காலியா இருக்கும். நீங்க எப்ப வேணும்னாலும் வரலாம்."

மகள் படிவத்தோடு மேலே வந்தாள். "ஏதாவது தெரியுதா அவங்களுக்கு?" என்று கேட்டாள். "இன்னும் முடியல, திங்கட்கிழமை வாங்க" என்றார் அக்கா. மகள் கைகொடுத்து அம்மாவை நாற்காலியிலிருந்து எழுப்பினாள். எழுந்திருக்க உதவி தேவைப்படும் வயதில்லை அந்த அம்மாவுக்கு. ஆனாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்.

அவர்கள் தலை மறைந்ததும் நான் வெடித்தேன்.

"என்னக்கா இது? அந்தப் பொண்ணு வாழ்க்கையே போகுது. 'முடியாது'ன்னு எழுதிப் போட்டுடப் போறா. நீங்க சொல்லலேன்னா நான் போய்ச் சொல்றேன்."

"சொன்னா என்ன ஆகும்?"

"அவ போவா!"

"போவா. ஆனா எட்டு வருஷமா அம்மா என்னை ஏமாத்திட்டாங்கன்னு நினைச்சுட்டுப் போவா. அவங்க வாயால சொல்லணும் தம்பி. பையை நான் திறந்து கொட்டிட்டா அப்புறம் அவங்களுக்குன்னு என்ன இருக்கு?"

"சொல்லாமலே விட்டுட்டாங்கன்னா?"

எப்போதும் எதையாவது சொல்லி என் வாயை அடைத்துவிடுகிற மனுஷி, அன்று டிராயரை இழுத்து அட்டையைப் பார்த்தார், மூடினார், மறுபடி இழுத்துப் பார்த்தார். "நான் தப்பு பண்றேனா?" என்று கேட்டார். கேட்டது என்னிடம்தானா என்று தெரியவில்லை. கொத்தனார் விஷயத்தை அவர் எனக்குச் சொன்னது அன்றைக்குத்தான்.

அக்கா சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சனிக்கிழமை காலை தபால் அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்கு உள்ளே அந்தப் பெண் கடிதங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் தண்டவாளத்தில் ரயில் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் தலை ஒரு கணம் திரும்பியது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். என் சிவப்புப் பூஜ்யம் நினைவுக்கு வந்தது. இரண்டு ஸ்டாம்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அவை இன்னும் என் பர்ஸில்தான் இருக்கின்றன.

அக்காவும் சும்மா இருக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அதே சனிக்கிழமை சலவைக் கடைக்குப் போய்க் கோட்டைக் கொடுத்திருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் எவ்வளவு மடிக்க வேண்டும் என்று கேட்க, "உள்ள இருக்கவங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கே நான் என் வகுப்புக்கு எழுதுகிற வேலை கொடுத்துவிட்டு, முதல் அறைக்கும் இரண்டாம் அறைக்கும் நடுவில் இருக்கும் பிளைவுட் தடுப்பின் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன். ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று. பக்கத்து அறையில் டிராயர் திறந்து மூடும் சத்தம் நான்கு தடவை கேட்டது.

ஆறேகாலுக்குப் படியில் இரண்டு ஜோடிச் செருப்புச் சத்தம். நான் எழுந்து போய் வாசலில் நின்றேன். மகள் களைத்துப் போயிருந்தாள். தோள்பையின் வெளி அறையில் ஒட்டாத ஒரு கடித உறை நீட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா ஏதோ உங்ககிட்டச் சொல்லணும்னாங்க. கடிதத்தைப் போடறதுக்கு முன்னாடி இங்க வரணும்னு ஒரே பிடிவாதம்" என்றாள் அக்காவிடம். பிறகு அம்மா பக்கம் திரும்பி, சொல்லு, நான் மாற்றிச் சொல்கிறேன் என்பதுபோல அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள்.

தையல்காரம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தைத்து மடித்த அக்காவின் கோட்டை மறு கையால் மேசைமேல் வைத்தார்.

"அட்டையை எடுங்க" என்றார் எங்கள் மொழியில். "எழுதுங்க."

மகள் அக்காவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கடைசியில் அம்மாவைப் பார்த்தாள். அக்கா அவசரமாகத் திறந்ததில் பேனா மூடி கழன்று கீழே உருண்டது.

"இறுக்கம். தொளதொள. நீளம் குறைக்கணும். எப்போ கிடைக்கும். வெள்ளிக்கிழமை. கொஞ்சம் பொறுங்க. பில்லு எங்க. ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்துல வாங்க. அடுத்த நிறுத்தம். கவுண்டர் எண் ரெண்டு. 'அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது.' 'தனியா விட்டுட்டு எப்படி வர்றது.' இதுவும் தெரியும், எழுதுங்க."

மகள் மணிக்கட்டை உதறி விடுவித்துக்கொண்டாள்.

"எத்தனை வருஷமா?"

"எட்டு."

"எட்டு வருஷமா!" அவள் குரல் உடைந்தது. "அப்போ போன வருஷம் டாக்டர் சொன்னது? நான் உன்கிட்ட பயப்பட ஒண்ணும் இல்ல, சின்ன கட்டிதான்னு மாத்திச் சொன்னேனே, அது?"

"டாக்டர் சொன்னதும் புரிஞ்சுது. நீ சொன்னதும் கேட்டேன். எப்பவும் அப்படித்தான். முதல்ல அவங்க சொல்றதைக் கேப்பேன். அப்புறம் நீ சொல்றதைக் கேப்பேன். நீ சொல்றது நல்லா இருக்கும். அதுக்காகத்தான் இவ்வளவு நாள்…"

மகளுக்குக் கோபம்தான் வந்தது, அழுகையும் வந்தது, நடுவில் ஒரு சிரிப்பும் தப்பி வந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா அவள் தலையில் கை வைத்தார். கை வைத்ததை அவள் தட்டிவிடவில்லை. அந்த வருடம் முழுக்க நான் போட்ட எந்த மதிப்பெண்ணும் அந்த நிமிடம் எனக்கு நினைவில் இல்லை.

அக்கா எழுதி முடித்து, வழக்கம்போல ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். வழக்கம்போலக் கடைசிக் கேள்வியையும் கேட்டார்.

"இன்னும் ஏதாவது தெரியுமா?"

தையல்காரம்மா யோசித்தார்.

"கடையை விட்டுக் கிளம்பும்போது எல்லாரும் 'போயிட்டு வர்றேன்'னு சொல்லுவாங்க. ஒரு நாளைக்கு முப்பது தடவை கேப்பேன். அதுக்குத் திருப்பி என்ன சொல்லணும்னு தெரியும். சொன்னது இல்ல. இவ என்னை விட்டு எங்கயும் போனதே இல்லையே."

மகள் முகத்திலிருந்து கையை எடுத்தாள். அம்மா அவளைப் பார்த்து, எங்கள் மொழியில், தப்பில்லாமல் சொன்னார்.

"போயிட்டு வா."

அக்கா அதையும் அட்டையில் எழுதினார். பிறகு அட்டையைத் திருப்பிப் பேனாவை நீட்டினார். என் தாளில் காலியாக விட்டிருந்த பெயரை, தையல்காரம்மா கோடு பிசகாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மகள் பையிலிருந்த உறையை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, பதிலை மாத்தி எழுதிப் பார்க்க ஒரு பேப்பர் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

அக்கா குனிந்து, மேசைக் காலின் அடியிலிருந்து என் அறுபது கேள்விகளில் ஒரு தாளை உருவி, காலியாக இருந்த பின்பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார். மேசை ஆடத் தொடங்கியது. அவள் எழுதி முடிக்கும் வரை நான் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.